இசைத்தட்டில் இல்லாத என் கை

எங்கள் குழுவின் பெயர் சில்வர் ஃபெரட்ஸ். பாடகன் வெர்னன் ஷக், என் தங்கை ஏவ்ரிலின் கணவன். பேஸ் கிட்டார் நான், நாரிஸ் டிரான்ட்டர். எங்கள் புகைப்படத்தைப் பார்த்தவர்களுக்கு என்னை நினைவிருக்கும். இடது ஓரத்தில், கண்ணைச் சுற்றி நீல ஜிகினா, முழங்கால் வரை வெள்ளி பூட்ஸ். என் வாசிப்பைக் கேட்டவர்கள்தான் அநேகமாக யாரும் இல்லை. அது ஏன் என்பதை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

இங்கிலாந்தின் பூட்டு ஊரான வில்லன்ஹாலில் பிறந்தவன் பூட்டுத் தொழிற்சாலைக்குப் போவான். நானும் போனேன். பதினேழு வயதில் அங்கே இருந்த அழுத்து இயந்திரம் என் வலது சுட்டுவிரலின் பாதியை எடுத்துக்கொண்டது. பேஸ் வாசிக்கிறவர்கள் சுட்டுவிரலையும் நடுவிரலையும் மாற்றி மாற்றி நடத்துவார்கள், இல்லையென்றால் பிளாஸ்டிக் வில்லையால் மீட்டுவார்கள். இரண்டுக்கும் எனக்கு விரல் போதவில்லை. ஆகவே பெருவிரலால் வாசித்தேன். அடி கனமாக விழும், தாளத்துக்கு ஒரு மயிரிழை பிந்தி விழும். தொழிலாளர் கிளப்புகளில் ஜனங்கள் அந்த மயிரிழைக்குத்தான் ஆடினார்கள். மச்சான் வாசித்தால் மேசைமேல் பியர் கிளாஸ் தானாக நடக்கும் என்று வெர்னனே ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தான்.

எழுபதுகளின் தொடக்கத்தில் எல்லாக் குழுக்களும் முகத்தில் பூச ஆரம்பித்தன. கிளாம் ராக் என்றார்கள். நாங்களும் பூசினோம். ஏவ்ரில் திரைச்சீலைத் துணியில் எங்களுக்கு மினுமினுக்கும் கோட்டு தைத்தாள். அதைப் போட்டுக்கொண்டு நான் வெளியே கிளம்பியபோது அப்பா செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்கி, "கிறிஸ்துமஸ் நாடகத்துல மாட்டு வேஷத்துல பின்னங்கால் எடம் காலியா இருக்காம், கேட்டுப் பாரு" என்றார். நான் கோபப்படவில்லை. பூச்சு முகத்துக்குத்தானே, கைக்கு இல்லையே என்று நினைத்துக்கொண்டேன்.

லண்டனில் லெய்ட்லா என்ற தயாரிப்பாளர் எங்களை எடுத்துக்கொண்டார். பட்டுக் கழுத்துக்குட்டை, மெதுவான குரல். பாட்டு 'டைனமோ டாலி'. அதன் தொடக்கத்தில் வேறு எந்த வாத்தியமும் கிடையாது, பேஸ் மட்டும்தான். அந்தத் தொடக்கத்தை வேனின் பின் இருக்கையில், பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்து நான் கண்டுபிடித்தேன். ஸ்டூடியோவில் ஒரு காலைப் பொழுதில் வாசித்து முடித்தோம். லெய்ட்லா கண்ணாடிச் சுவருக்குப் பின்னாலிருந்து பிரமாதம் என்றார், போய்ச் சாப்பிடுங்கள் என்றார். வெர்னன் பாடுவதற்காக அங்கேயே தங்கினான். மற்ற நாங்கள் இறைச்சிப் பேஸ்ட்ரியும் சிப்ஸும் தின்றுவிட்டு ரயில் ஏறினோம்.

இசைத்தட்டு வெளிவந்தது. எங்கள் கைக்கு ஒரு பிரதி வருமுன்பே, அந்த ஞாயிறு மதியம் அப்பா வீட்டில் நானும் அவரும் சாப்பாட்டு மேசையில் இருந்தோம். அப்பா வறுத்த மாட்டிறைச்சியை அறுத்துக்கொண்டிருந்தார். ரேடியோவில் எங்கள் பாட்டு வந்தது. தொடக்கம் முடிவதற்குள் அப்பாவின் கத்தி நின்றுவிட்டது.

"யாருடா இது?"

"நாங்கதாம்பா. வெர்னன் பாடறான்ல."

"வெர்னன் தெரியுது. வாசிக்கிறது யாரு?"

அப்பாவுக்கு எங்கள் பாட்டு எதுவும் பிடிக்காது. ஆனால் பக்கத்து அறையில் நான் பழகியதைப் பல வருடம் சுவர் வழியாகத் திட்டிக்கொண்டே கேட்டவர் அவர். என் அடியை அவரால் மறக்க முடியாது. ரேடியோவில் வந்தது வில்லையால் மீட்டியது. சுத்தமாக, கூர்மையாக, தாளத்தின் நடுமண்டையில் விழுந்தது. நான் கண்டுபிடித்ததை யாரோ இஸ்திரி போட்டு மடித்து வைத்திருந்தார்கள்.

அப்பா மறுபடி இறைச்சியை அறுக்கத் தொடங்கினார். "நீ வாசிக்கலைன்னா, அப்ப நீ எதுக்கு?" என்றார். கேலியாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

அங்கிருந்து நேரே வெர்னன் வீட்டுக்குப் போனேன். அவன் எதையும் மறைக்கவில்லை. நாங்கள் ரயிலேறிய பிறகு லெய்ட்லா ஒருவருக்கு போன் போட்டாராம். லண்டனில் பாதிக் குழுக்களுக்கு அவர்தான் பேஸாம். வந்தார், ஒரு தடவை கேட்டார், வாசித்தார், கோட்டை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

"நம்ம நல்லதுக்குத்தான் மச்சான். உன் பெருவிரல் அடி சின்ன ரேடியோல கேக்காதாம்."

"நீ அங்க இருந்தியா?"

"இருந்தேன்."

"ஒரு வார்த்தை சொன்னியா மாப்ள?"

அவன் தலையைத் திருப்பிக்கொண்டான். "வந்த ஒரே வாரத்துல பாட்டு விற்பனைப் பட்டியல்ல நாலாவது எடத்துல நிக்குது. உனக்குப் பூட்டு பேக்டரிக்கே திரும்பிப் போகணுமா?" என்றான்.

அடுப்படியில் ஏவ்ரில் இருந்தாள். அதனால் அவன் பல் தப்பியது.

அடுத்த வாரம் தொலைக்காட்சியிலிருந்து அழைப்பு வந்தது. அந்த நிகழ்ச்சியில் யாரும் நிஜமாக வாசிப்பதில்லை. பின்னால் ஒலிநாடா ஓடும், முன்னால் நாங்கள் வாயையும் கையையும் அசைக்க வேண்டும். ஆனால் இசைக்கலைஞர்கள் சங்கம் ஒரு விதி வைத்திருந்தது. கடையில் விற்கிற இசைத்தட்டை அப்படியே ஓட்டக் கூடாது. குழு ஸ்டூடியோவுக்குப் போய், சங்கத்து ஆள் கண்முன்னால், அந்தப் பாட்டைப் புதிதாக வாசித்துப் பதிய வேண்டும். அந்த நாடாதான் ஒளிபரப்பில் ஓட வேண்டும். கூலிக்கு வாசிக்கிறவனின் வேலை பறிபோகக் கூடாது என்பதற்காகப் போட்ட விதி.

வழக்கமாக நடந்தது வேறு. குழு வாசிப்பதுபோல் பாவனை செய்யும். தயாரிப்பாளர், சங்கத்திலிருந்து வந்தவரைப் பக்கத்துப் பப்புக்கு, குடிக்க அழைத்துப் போவார். அவர்கள் திரும்பி வருவதற்குள் பழைய நாடா புதுப் பெட்டிக்குள் போயிருக்கும். சங்கத்து ஆள் பெட்டிமேல் கையெழுத்துப் போடுவார். இது எல்லோருக்கும் தெரியும். யாரும் வாய்விட்டுச் சொல்லாதவரைதான் அது ஓடும்.

எனக்கு வேறு வழி இருக்கவில்லை. அந்தப் பாட்டில் என் கை விழுவதற்கு உலகத்திலேயே மிச்சமிருந்த ஒரே இடம் அந்த நாடாதான்.

பதிவு நாளில் ஸ்டூடியோவுக்குச் சங்கத்திலிருந்து வந்தவர் பெயர் டஃப்னல். கோட்டைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார். சற்று நேரத்தில் லெய்ட்லா, பக்கத்தில் புது மது வந்திருக்கிறது, ருசி பார்த்துவிட்டு வரலாம் என்றார். டஃப்னல் எழுந்தார். நான் பேஸைக் கழுத்தில் மாட்டியபடியே போய்க் கதவை மறித்து நின்றேன்.

"சார், நான் சங்கத்துல இருக்கறவன். வருஷம் தவறாம சந்தா கட்டறேன். நீங்க பப்புக்குப் போனா இவங்க நாடாவ மாத்திடுவாங்க. அந்தத் தட்டுல வாசிச்சிருக்கறது நான் இல்ல. உக்காருங்க."

டஃப்னல் என்னைப் பார்த்த பார்வையில் நன்றி ஒன்றும் இல்லை. பல் வலிக்காரன் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"இதைச் சொல்லித்தான் ஆகணுமா தம்பி?" என்றார்.

"சொல்லிட்டேன் சார்."

"சொல்லிட்ட. இனிமே நான் கேக்கலைன்னு சொல்ல முடியாது." நாற்காலியில் திரும்ப உட்கார்ந்தார். லெய்ட்லாவைப் பார்த்து, இன்றைக்குத் தாகம் இல்லை என்றார்.

வாசித்தோம். முதல் தடவை வெர்னனின் குரல் உடைந்தது. இரண்டாவது தடவை டிரம்ஸ்காரன் என்னைப் பார்க்க மறுத்து, தாளத்தை எங்கோ ஓட்டிக்கொண்டு போனான். அதற்குப் பிறகு எல்லோருக்கும் என்மேல் இருந்த கோபமே எங்களைச் சேர்த்துக் கட்டியது. பழைய கிளப் நாட்களைவிட முரட்டுத்தனமாக வாசித்தோம். தொடக்கத்தில் என் பெருவிரல் அந்த மயிரிழை பிந்தியே விழுந்தது, நான் எங்கே வைக்க நினைத்தேனோ அங்கே. நாடா சுற்றி முடிந்ததும் டஃப்னல் அதைப் பெட்டியில் போட்டு, கையெழுத்திட்டு, அக்குளில் இடுக்கிக்கொண்டு போனார். யாருக்கும் வணக்கம் சொல்லவில்லை.

வியாழக்கிழமை ஒளிபரப்பு. மேடையில் ஜிகினாவும் பூட்ஸுமாக நின்று, என் கையின் சத்தத்துக்கே என் கையை அசைத்தேன். முன்வரிசைப் பெண்கள் வெர்னனைப் பார்த்துக் கத்தினார்கள். வித்தியாசத்தை யாராவது கவனித்தார்களா என்றால், இல்லை. கேமரா என் பக்கம் ஒரே ஒரு முறை வந்தது, அதுவும் பூட்ஸைக் காட்ட. அந்த நாடாவையும் பின்னால் அழித்து வேறு நிகழ்ச்சியைப் பதிந்துவிட்டார்களாம். அப்போது அதுதான் அவர்கள் வழக்கம்.

அடுத்த வாரம் பாட்டு ஒன்பதாவது இடத்துக்கு இறங்கியது. அதற்கு ஆயிரம் காரணம் இருக்கலாம். லெய்ட்லாவுக்கு நான் என்ற ஒரு காரணமே போதுமாக இருந்தது. செய்தியைச் சொல்ல வெர்னனையே அனுப்பினார். அவன் உள்ளே வரவில்லை, வாசற்படியில் நின்றான்.

"புதுசா ஒரு பையன் வரான் மச்சான். பாக்க ஷோக்கா இருப்பான்."

"வாசிப்பானா?"

"அவன் எதுக்கு வாசிக்கணும்?"

அதைச் சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவனுக்கே உறைத்தது. கோட்டையும் பூட்ஸையும் திருப்பி வாங்கிவரச் சொன்னார்கள் என்று முணுமுணுத்தான். கோட்டை அவன் மூஞ்சியில் விட்டெறிந்தேன். பூட்ஸை ஒவ்வொன்றாகத் தெருவில் வீசினேன், அவன் குனிந்து பொறுக்கினான். பக்கத்து வீட்டு மிஸஸ் ஹிக்கின்பாட்டம் ஜன்னல் திரையை நன்றாகவே விலக்கிப் பார்த்தாள். பார்க்கட்டும். அதற்குப் பிறகு மூன்று கிறிஸ்துமஸுக்கு ஏவ்ரில் எங்கள் வீட்டுக்கு வரவில்லை. அந்தக் கணக்கும் லெய்ட்லாவைச் சேர்ந்ததுதான்.

பிறகு நான் வாசிப்பதை விடவில்லை. பில்ஸ்டன், டிப்டன், வெட்னஸ்பரி, எங்கெல்லாம் கிளப்பும் ஒரு மின்சாரப் பிளக்கும் இருந்ததோ அங்கெல்லாம் வாசித்தேன். கல்யாணம், காவல்துறை விருந்து, புறா பந்தயச் சங்கத்தின் ஆண்டு விழா. முகத்தில் எதுவும் பூசவில்லை. தலைமுடி போயிற்று, பெருவிரலில் காய்ப்பு ஏறியது. 'டைனமோ டாலி' வாசிக்கச் சொல்லிக் கேட்பவர்கள் மட்டும் குறையவே இல்லை.

போன மாதம் பில்ஸ்டனில், அந்தப் பாட்டின் நடுவில் ஒருவன் மேடைக்குப் பக்கத்தில் வந்து நின்றான். என் வயதுதான் இருக்கும், கையில் கிளாஸ். பாட்டு முடியும்வரை பொறுத்திருந்து, என் காதருகே குனிந்தான்.

"தப்பா எடுத்துக்காத தலைவா. மத்ததெல்லாம் சரி. பேஸு மட்டும் தட்டுல இருக்கற மாதிரி இல்ல. அதுல கரெக்டா விழும். நீ கொஞ்சம் லேட்டு."

அவன்மேல் குற்றம் இல்லை. வீட்டில் அந்தத் தட்டை வைத்திருக்கிறான், வாழ்நாள் முழுவதும் கேட்டிருக்கிறான். பாட்டைத் தெரிந்த ஒருவன் அதைத் தெரியாத ஒருவனுக்கு உதவி செய்ய வந்திருந்தான்.

ஒலிபெருக்கிப் பெட்டியின் சத்தத் திருகைப் பிடித்து, அது போகிற தூரம்வரை திருகினேன். டிரம்ஸ்காரனைத் திரும்பிப் பார்த்து, "அதே பாட்டு, மொதல்லேர்ந்து" என்றேன்.