கற்றுக்கொண்டு வருகிறார்

ஒரு தேசத்தின் எதிர்காலம் அதன் தொடக்கப் பள்ளி மைதானங்களில்தான் எழுதப்படுகிறது. விளையாட்டு மேம்பாட்டு நிதியைத் தொடங்கிவைத்த அதிகாரி இதை இரண்டு முறை சொன்னார். முதல் முறை ஒலிபெருக்கி வேலை செய்யவில்லை. அன்று அந்தப் பள்ளி மைதானத்தில் தலைமையாசிரியையின் காரும், தாளாளரின் காரும், யாருடையது என்றே தெரியாத பழுதான இன்னொரு காரும் நின்றுகொண்டிருந்தன. தேசத்தின் எதிர்காலம் மிச்சமிருந்த இடத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தது.

நிதி வந்தது. கூடவே ஒரு நிபந்தனையும் வந்தது. பணம் தீர்ந்த பிறகும் பலன் மிஞ்ச வேண்டும். பந்து வாங்கினால் கிழிந்துவிடும், வலை வாங்கினால் இற்றுப்போகும். ஆகவே பள்ளி ஒரு பயிற்சியாளரை அமர்த்திக்கொள்ளலாம். ஆனால் அவர் பிள்ளைகளுக்குச் சொல்லித்தந்தால் மட்டும் போதாது. வகுப்பு ஆசிரியைகள் கூடவே நின்று அந்த வித்தையைக் கற்றுக்கொள்ள வேண்டும். அவர்கள் கற்றுக்கொண்டதும் அவர் போய்விட வேண்டும். நோய் தீர்ந்தால் வைத்தியர் கிளம்புவது நியாயம்தான். ஆனால் கிளம்புவதற்காகவே அவசரமாகக் குணப்படுத்தும் வைத்தியரை யாரும் இதுவரை பார்த்ததில்லை.

அமர்த்தப்பட்டவர் மூன்றாம் வகுப்பு டீச்சரின் தங்கை கணவர். பிள்ளைகள் அவருக்கு வைத்த பெயர் விசில் சார். இளமையில் நல்லதொரு கால்பந்துக் குழுவில் இருந்தவர். குழுவில் இருந்தார் என்பது உண்மை. ஆட்டத்தில் இருந்ததாக அவரும் சொன்னதில்லை. அதன்பின் பல வேலைகள் பார்த்தார். எந்த வேலைக்கும் அவரைப் பிடித்துப்போகவில்லை. மனைவியோடு டீச்சர் வீட்டு மாடி அறைக்குத் தற்காலிகமாகக் குடிவந்தார். தற்காலிகம் என்ற சொல்லுக்கு அந்த வீட்டில் மெல்ல மெல்ல ஒரு நிரந்தரம் வந்துவிட்டது. பகலெல்லாம் கீழே டீச்சருடைய சோபாவில் உட்கார்ந்திருப்பார். உட்கார்ந்து உட்கார்ந்து அதில் ஒரு பள்ளமே விழுந்தது. அந்தப் பள்ளத்தைப் பார்க்கச் சகிக்காமல்தான் டீச்சர் தலைமையாசிரியையிடம் பேசி இந்த வேலையை வாங்கித் தந்தார்.

வேலை கிடைத்த கையோடு தங்கை தனி வீடு பார்த்துவிட்டாள். இரண்டு அறை, தனிக் குழாய், மாடிப்படி ஏறும் அவசியம் இல்லை. வீட்டுக்காரர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "வேலை அடுத்த வருஷமும் இருக்கும்ல?"

"இருக்கும், இருக்கும்," என்றாள் தங்கை. அது உறுதியானதும் குடிவரலாம் என்றார் அவர்.

இருக்க வேண்டும் என்பதில் பள்ளியிலும் இரண்டு கருத்து இல்லை. உடற்கல்வி நேரத்தில் ஆசிரியைகள் விசில் சாரின் பக்கத்தில் நின்று கவனிக்க வேண்டும் என்பது விதி. அவர்கள் தண்ணீர்த் தொட்டி நிழலில் நாற்காலி போட்டு நோட்டுத் திருத்தினார்கள். விசில் சார் ஊதினார், பிள்ளைகள் ஓடினார்கள். மறுபடி ஊதினார், நின்றார்கள். எல்லோருக்கும் திருப்தி. அந்த ஆண்டு நிதியால் பள்ளியில் மிக அதிகமாக முன்னேறியது நோட்டுத் திருத்தம்தான்.

ஆண்டு முடியும் தறுவாயில் தலைமையாசிரியை ஆசிரியைகளைக் கூப்பிட்டார்.

"அதிகாரி வர்றாராம். நம்மள்ல ஒரு டீச்சர் விளையாட்டுப் பாடம் எடுக்கணுமாம். அவர் உக்காந்து பார்ப்பாராம்."

பார்த்துவிட்டு மூன்றில் ஒரு மதிப்பீடு போடுவார். 'கற்கவில்லை' என்று போட்டால் நிதி நிற்கும், விளக்கமும் கேட்பார்கள். 'கற்றுவிட்டார்' என்று போட்டால் பாராட்டுக் கேடயம் உண்டு, ஆனால் பயிற்சியாளரின் வேலை முடிந்தது, நிதி நிற்கும். 'கற்றுக்கொண்டு வருகிறார்' என்று போட்டால் இன்னும் ஓராண்டு.

"நமக்கு நடுவுல இருக்கிறது போதும்," என்றார் தலைமையாசிரியை.

"அப்போ சுமாரா எடுக்கணும்," என்றார் ஐந்தாம் வகுப்பு டீச்சர்.

"சுமாருன்னு சொல்லாதீங்க, கேக்க நல்லாயில்லை. முன்னேறிக்கிட்டே இருக்கணும், ஆனா போய்ச் சேர்ந்துடக் கூடாது."

"யாரு எடுக்கிறது?"

அறையிலிருந்த முழங்கால்கள் எல்லாம் ஒரே நேரத்தில் வலிக்கத் தொடங்கின. இரண்டாம் வகுப்பு டீச்சர் காலை நீட்டியே காட்டினார். கடைசியில் எல்லோரும் மூன்றாம் வகுப்பு டீச்சரைப் பார்த்தார்கள்.

"உங்க வீட்டு மாப்பிள்ளை வேலைதானே, நீங்களே பார்த்துக்கங்க," என்றார் ஐந்தாம் வகுப்பு.

அன்று மாலை டீச்சர் வீட்டுக் கூடத்தில் சோபாவை நகர்த்தி ஓரமாகப் போட்டுவிட்டு ஒத்திகை தொடங்கியது. தங்கை மாடிப்படியில் உட்கார்ந்து நடுவராக இருந்தாள்.

"ஒண்ணும் கஷ்டமில்லை அக்கா. விசிலை லேட்டா ஊதுங்க, அது போதும்," என்றார் விசில் சார்.

"லேட்டுன்னா எதுக்கு லேட்டு? எப்போ ஊதணும்?"

"பந்து கோட்டைத் தாண்டினதும்."

"அதை முதல்ல சொல்லுங்க தம்பி. சரியான நேரம் தெரியாம எப்படி லேட்டா ஊதறது?"

நியாயமான கேள்வி. தப்பை ஒழுங்காகச் செய்ய வேண்டுமானால் சரியானது தெரிந்திருக்க வேண்டும். விசில் சார் முதலில் சரியானதைச் சொல்லித்தந்தார். ஓடுவதற்கு முன் உடம்பை எப்படிச் சூடாக்குவது, பலசாலிகள் எல்லாம் ஒரே பக்கம் சேராமல் அணி பிரிப்பது எப்படி, பந்தை எறியும்போது ஏன் பந்தைப் பார்க்காமல் பிடிப்பவனைப் பார்க்க வேண்டும், கடைசி வரிசைப் பிள்ளைக்கும் பந்து போய்ச்சேர என்ன வழி. சொல்லச் சொல்ல அவருக்கே உற்சாகம் வந்தது. தலையணையை எறிந்து காட்டினார். டீச்சர் ஒற்றைக் கையால் பிடித்தார்.

"இவ்வளவு விஷயம் உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"பிள்ளைங்களுக்கு ஏன் சொல்லித்தரலை?"

"யாரும் கேக்கலையே."

தங்கை படியிலிருந்து எழுந்தாள். "அக்கா, உன்னைக் கும்பிட்டுக் கேட்டுக்கறேன், நீ நல்லா பண்ணித் தொலைச்சிடாதே."

"சொதப்பறது என்ன பெரிய வித்தையாடி?"

"உனக்குப் பெரிய வித்தைதான். என் கல்யாண போட்டோலயே எனக்கு முன்னாடி நின்னவ நீ."

"போட்டோக்காரன் நிக்கச் சொன்னான்."

"எல்லாரையும்தான் சொன்னான். நீ மட்டும்தான் ஒரு அடி முன்னால வந்தே."

கடைசியில் மூன்று தப்புகள் என்று முடிவாயிற்று. விசில் தாமதம். அணிகளில் தலை எண்ணிக்கை குளறுபடி. பாடம் முடிந்ததும் பிள்ளைகளை ஆற அமர விடாமல் அப்படியே வகுப்புக்கு விரட்டுவது. மூன்றையும் டீச்சர் மனப்பாடம் செய்துகொண்டார்.

அதிகாரி உதவியாளரோடும் புகைப்படக் கருவியோடும் வந்து இறங்கினார். கார்கள் தெருவுக்குப் போயிருந்தன. பழுதான கார்மீது மட்டும் 'உடல் நலமே செல்வம்' என்ற துணி போர்த்தப்பட்டிருந்தது. பாடத்தை ஆசிரியைதான் நடத்துகிறார் என்பது பளிச்சென்று தெரிய வேண்டுமல்லவா? அதனால் விசில் சார் கண்ணில் படக் கூடாது என்பது தலைமையாசிரியையின் உத்தரவு. விளையாட்டு உடை இல்லை, கழுத்தில் விசில் இல்லை. சாதாரணச் சட்டையில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நின்றார்.

டீச்சர் பாடத்தைத் தொடங்கினார். பந்து கோட்டைத் தாண்டிச் சுவரில் மோதித் திரும்பி வந்த பிறகு விசில் ஊதினார்.

"டீச்சர், லேட்டு!" என்று வகுப்பே கத்தியது.

"எனக்குத் தெரியும். வாயை மூடு."

அணி பிரித்தார். ஒரு பக்கம் கூட்டம் நெரிந்தது, மறுபக்கம் நாலைந்து பேர் திருதிருவென்று விழித்தார்கள். எல்லாம் ஏற்பாட்டின்படியே நடந்தது. அதிகாரி தலைமையாசிரியையின் பக்கம் சாய்ந்து காதோடு காதாகச் சொன்னார். மேடையிலேயே வாழ்ந்தவர், அவருடைய கிசுகிசு மைதானத்தின் எதிர்ச்சுவர் வரை கேட்கும்.

"பாவம், இந்த வயசுல இவங்களுக்கு இதெல்லாம் வராது மேடம். பத்து வருஷம் சொல்லிக்கொடுத்தாலும் வராது. பரவாயில்லை, கத்துக்கிட்டு வர்றாங்கன்னு போட்டுடலாம்."

தலைமையாசிரியை பூரித்துப்போனார். அதோடு கைதட்டி முடித்து, எல்லோரும் போய்த் தேநீர் குடித்திருக்கலாம்.

டீச்சர் முந்தானையை இழுத்து இடுப்பில் செருகினார். அணிகளைக் கலைத்தார். நொடியில் சமமாகப் பிரித்தார். "ஆளைப் பாரு, பந்தைப் பார்க்காதே! கையை நீட்டு! இன்னும் நீட்டு!" என்ற குரலில் பக்கத்துத் தெருவில் போனவர்களும் கையை நீட்டியிருப்பார்கள். ஆண்டு முழுவதும் பந்தைத் தொடாத பிள்ளைகள் தொட்டார்கள்; தொட்டவர்கள் பிடித்தார்கள். விசில் ஒவ்வொன்றும் கத்தி வைத்து நறுக்கியதுபோல் விழுந்தது. தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னாலிருந்து இரண்டு கைகள் மேலும் கீழும் ஆடி, போதும் போதும் என்று கெஞ்சின. டீச்சர் அந்தக் கைகளைப் பார்த்தார். பார்த்துவிட்டு, "அடுத்து தொடர் ஓட்டம்!" என்றார்.

விசில் சாருக்குத் தனி வீடு கண்ணெதிரே கரைந்தது. ஒரே வழிதான் தோன்றியது. முறையாக விளையாடிய ஒருவரைப் பக்கத்தில் நிறுத்திப் பார்த்தால் டீச்சர் இன்னும் எவ்வளவு கற்க வேண்டியிருக்கிறது என்பது அதிகாரிக்கே விளங்கிவிடும். அவர் ஓடிவந்தார்.

"டீச்சர், நானும் ஒரு கை பார்க்கறேன்."

"தாராளமா வாங்க. அந்தப் பக்கம் கடைசி ஆள் நீங்க. இந்தப் பக்கம் கடைசி ஆள் நான்."

பிள்ளைகள் ஓடிக் கட்டையைக் கைமாற்றினார்கள். கடைசிச் சுற்றில் இருவர் கைக்கும் அது ஏறக்குறைய சேர்ந்தே வந்தது. சுவரைத் தொட்டுத் திரும்பும்வரை பந்தயம் பந்தயமாக இருந்தது. அதன்பிறகு டீச்சர் ஒரு பக்கம் இருந்தார், விசில் சார் இன்னொரு பக்கம் இருந்தார். டீச்சர் கோட்டைத் தாண்டி, திரும்பி நின்று, செருகிய முந்தானையை எடுத்துவிட்ட பிறகுதான் அவர் வந்து சேர்ந்தார். சேர்ந்த இடத்திலேயே உட்கார்ந்தும்விட்டார்.

அதிகாரி எழுந்து நின்று கைதட்டினார். "கத்துக்கிட்டு வர்றாங்களாவது! கத்து முடிச்சுட்டாங்க மேடம்! கேடயம் இவங்களுக்குத்தான்!"

தலைமையாசிரியையின் முகத்தில் அடுத்த ஆண்டு முழுவதும் இருண்டது. டீச்சருக்கு அப்போதுதான் தான் என்ன செய்திருக்கிறோம் என்பது உறைத்தது. விசிலை வாயிலிருந்து எடுக்கக்கூடத் தோன்றாமல் நின்றார்.

அதிகாரி தரையில் உட்கார்ந்திருந்தவரை நெருங்கி, குனிந்து பார்த்தார். "இவரு எந்த வகுப்பு சார்?"

ஒரு பள்ளியைப் பல ஆண்டு நடத்தியவர்களுக்கு மூளை சில சமயம் தானாக வேலை செய்யும்.

"புதுசா வந்திருக்கார் சார்," என்றார் தலைமையாசிரியை.

"அதானே பார்த்தேன். ஓட்டமே ஓட்டமா இல்லையே. கோச் இவரை இன்னும் தொடவே இல்லை போலிருக்கு. கோச் எங்கே?"

"ஒரு வேலையா வெளியே போயிருக்கார் சார்."

வெளியே போயிருந்தவர் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். மூச்சு மட்டும்தான் வந்தது.

"பேச வேண்டாம், பேச வேண்டாம்," என்று அதிகாரி அவர் தோளைத் தட்டிக்கொடுத்தார். "எல்லாம் போகப் போக வரும். மேடம், கோச்சை இன்னும் ஒரு வருஷம் வெச்சுக்கங்க. இவரை இந்த நிலைமையில விட்டுட்டா நிதிக்கே கெட்ட பேரு." உதவியாளர் நடுக் கட்டத்தில் குறியிட்டார்.

ஆகவே நிதி தொடர்ந்தது. பயிற்சியாளர், புதிய ஆசிரியருக்குப் பயிற்சி தர மேலும் ஓராண்டுக்கு அமர்த்தப்பட்டார். இருவரும் ஒரே ஆள் என்பதால் கால அட்டவணையில் எந்தச் சிக்கலும் எழவில்லை. மூன்றாம் வகுப்புக்கு மட்டும் டீச்சரே விளையாட்டுப் பாடம் எடுக்கிறார். அவர் வகுப்பு நோட்டுகள் திருத்தப்படாமல் குவிந்துகிடக்கின்றன. மற்ற ஆசிரியைகள் இதைத் தலைக்கனம் என்கிறார்கள்.

வீட்டுக்காரரிடம் தங்கை தலைநிமிர்ந்து பதில் சொன்னாள். மாதம் பிறந்ததும் குடிபோனார்கள். சாமான்களை இறக்கி, பாத்திரங்களை அடுக்கி முடித்துவிட்டு அவள் கணவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"ஒண்ணு கேட்டா கோவிச்சுக்க மாட்டீங்களே?"

"கேளு."

"அன்னைக்கு ஓட்டத்துல, அக்கா ஜெயிக்கட்டும்னு வேணும்னேதானே விட்டுக்கொடுத்தீங்க?"

"பின்னே? வீட்டுக்குப் பெரியவங்க. அத்தனை பிள்ளைங்க முன்னாடி அவங்களைத் தோக்கடிச்சா நல்லாவா இருக்கும்?"

அவர் விட்டுக்கொடுக்கவில்லை.