அக்காவுக்குப் போன கூடை

டோங்காத் தீவில், எங்கள் நுக்குவாலோஃபாவில் ஒரு மனிதனின் இடது பாதம் வாரத்துக்குப் பதினெட்டு பாங்கா என்ற விலைக்குப் போயிற்று. இரண்டு கிலோ செம்மறி விலா, இரண்டு தேங்காய், கொஞ்சம் வெங்காயம். விற்றவன் நான்தான். என் அம்மா சந்தையில் தர்பூசணி விற்றவள். பழத்தைத் தட்டுகிற தட்டிலேயே வாங்க வந்தவரின் பையில் எவ்வளவு இருக்கிறது என்று சொல்லிவிடுவாள். அவளிடம் வளர்ந்த எனக்கு, விற்ற சரக்கு யார் வாயில் போய் விழுகிறது என்று தெரியாவிட்டால் தூக்கம் வராது. தெரிந்த பிறகும் வரவில்லை என்பது வேறு விஷயம்.

சர்க்கரை நோய்க்காரர் வீடுகளுக்கு வாராவாரம் ஒரு கூடை காய்கனி சும்மா கொடுத்தால் சாப்பிடுவார்களா, சர்க்கரை இறங்குமா என்று பார்க்க ஓர் ஆய்வு வந்தது. நடத்தியவள் டாக்டர் மெலெயானே. எங்கள் ஊர்ப் பெண், ஆக்லாந்தில் படித்துத் திரும்பியவள். கூடை கட்டும் குத்தகை என் கடைக்கு வந்தது. கூடையில் பெரிய லாபம் கிடையாது. ஆனால் எடுத்துப்போக வருகிறவர்கள் கையோடு இறைச்சியும் வாங்குவார்கள் என்று மனக்கணக்குப் போட்டேன். கணக்கு தப்பவில்லை.

கூடை பார்க்க அழகாக இருக்க வேண்டும், அப்போதுதான் ஆசையாகச் சாப்பிடுவார்கள் என்றாள் டாக்டர். சரியென்று சிவப்பு ஆப்பிள், ஆரஞ்சு, கேரட், பப்பாளி, பேலேக் கீரை எல்லாம் அடுக்கி மேலே ரிப்பனும் கட்டினேன்.

கூடை வாங்கியவர்களில் ஒருவன் லிசியாதே. ஊருக்கு வெளியே தோட்டம். விடிந்ததும் கீரையும் பப்பாளியும் கொண்டுவந்து என்னிடம் விற்பான். அதே கீரை, அவன் நாரில் போட்ட அதே முடிச்சோடு, கூடையில் உட்கார்ந்து அவனிடமே திரும்பும்.

"முதலாளி, என் கீரையை எனக்கே குடுக்குறீங்களே, நியாயமா?"

"காலையில காசு வாங்கிட்டே, இப்போ ஓசியில வாங்குறே. இதுல நியாயம் வேற வேணுமா உனக்கு?"

சிரித்தபடி எடுத்துப் போனான். சாப்பிடவில்லை. கூடை நேராக அவன் அக்கா கலோலைனே வீட்டுக்குப் போனது. எங்களில் அக்கா தம்பியைவிட உயரத்தில் இருப்பவள். முதல் கிழங்கு, பெரிய மீன், நல்லது எதுவானாலும் அவளுக்கு. ரிப்பன் கட்டிய ஆப்பிளை அவளுக்குக் கொடுக்காமல் தின்றால் அவனுக்குத் தொண்டையில் இறங்காது. அவன் மனைவி லோசலினேயும் தடுக்கவில்லை. அவளுடைய தம்பியும் அவளுக்கு இப்படித்தானே அனுப்புகிறான்.

கலோலைனே வாங்கி வைத்துக்கொண்டு சும்மா இருப்பவளா? சனிக்கிழமை என் கடைக்கு வந்து கொழுப்புள்ள விலாவாகப் பார்த்துப் பொறுக்குவாள். தேங்காய்ப் பால் ஊற்றி, சேம்பிலையில் பொட்டலம் கட்டி, மண்ணில் தோண்டிய குழியடுப்பில் வேகவைத்து ஞாயிறு மதியம் தம்பி வீட்டுக்கு அனுப்புவாள். கூடை எவ்வளவு அழகோ, பொட்டலம் அவ்வளவு பெரிது. கூடையில் மாம்பழம் ஏறிய காலத்தில் கொழுப்பு வழிய ஒரு அண்டாவே போயிற்று.

திங்கட்கிழமை ஆய்வுக்காரப் பெண் வந்து, இந்த வாரம் கீரை சாப்பிட்டீர்களா என்று கேட்பாள். லிசியாதே தேவாலயத்தில் பாடுகிறவன், பொய் சொல்லத் தெரியாது. நிறையச் சாப்பிட்டேன் என்பான். சேம்பிலை கீரை இல்லை என்று யாராவது சொல்ல முடியுமா? உள்ளே என்ன வெந்தது என்று அவள் கேட்கவில்லை.

ஒருநாள் காலையில் அவன் கீரைக்கட்டை இறக்கியபோது ஒரு வாடை வந்தது. கீரை அழுகிவிட்டதோ என்று மோந்து பார்த்தேன். கீரை பச்சென்று இருந்தது. இடது பாதத்தில் துணி சுற்றியிருந்தான், பெருவிரல் பக்கம் கறுத்திருந்தது.

"என்னடா அது?"

"கண்ணாடிச் சில்லு. வலியே இல்ல முதலாளி."

வலிக்கிறது என்று சொல்லியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். இந்த ஊரில் வலிக்காத புண்ணோடு ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள் எப்படித் திரும்பினார்கள் என்று நான் பார்த்திருக்கிறேன்.

அன்றே கடைக்கு வந்த டாக்டரிடம் கூடையின் முழுப் பயணத்தையும் சொன்னேன். பாதியிலேயே புரிந்துகொண்டாள்; ஊர்ப் பெண் அல்லவா. தராசுத் தட்டில் கையை ஊன்றி நின்றாள். முள் ஆடிக்கொண்டே இருந்தது.

"அந்த அக்காகிட்ட யாரு அண்ணே சொல்றது?" என்றாள்.

எங்கள் வழக்கத்தில் தம்பியின் உடம்பைப் பற்றி அக்கா காதுபட யாரும் பேசக் கூடாது. பேசினால் இருப்பவர்கள் எழுந்து போய்விடுவார்கள். படித்த டாக்டரானாலும் அதே மரியாதைதான். லிசியாதேயிடமே போய்ச் சொன்னாள். அக்காவுக்கு இல்லாதது தனக்கு எதற்கு என்றானாம். அக்கா அனுப்புகிற பொட்டலத்தைத் திருப்பி அனுப்புவதைக் காதால் கேட்கவே மாட்டேன் என்றானாம். ஆஸ்பத்திரிக்கும் கிழங்கு அறுவடை முடிந்து பார்க்கலாம் என்றானாம்.

அவள் கெட்டிக்காரி, ஒரு வழி கண்டுபிடித்தாள். ரிப்பனை எடுத்துவிடுங்கள், ஆப்பிள் வேண்டாம், கோணல் கேரட்டாகப் போடுங்கள், பார்க்க அசிங்கமாக இருந்தால் யாருக்கும் கொடுக்க மாட்டான் என்றாள். அப்படியே செய்தேன். இருபது வருஷ வியாபாரத்தில் சரக்கை வேண்டுமென்றே அவலட்சணமாக அடுக்கியது அன்றுதான். மறுநாள் லிசியாதே காலை இழுத்துக்கொண்டு வந்தான்.

"ஆறு ஆப்பிள், ஒரு அன்னாசி. ரிப்பனும் ஒண்ணு குடுங்க."

"ரிப்பன் தீந்துபோச்சுடா."

"உங்க தலைக்கு மேல தொங்குதே, அது என்ன, பாம்பா?"

அந்த வாரக் கீரைக்காசு முழுவதையும் கல்லாவில் வைத்துவிட்டுப் போனான்.

சனிக்கிழமை கலோலைனே வந்தாள். விலா இல்லை அக்கா என்றேன். இரைந்துகொண்டிருந்த ஐஸ்பெட்டியை ஒரு பார்வை பார்த்தாள். எதிரே சீனாக்காரன் கடைக்குப் போனாள். அவன் இரண்டு பாங்கா குறைத்தே கொடுத்தான்.

கிழங்கு அறுவடை முடிந்தது. லிசியாதேயின் பாதத்தைக் கணுக்காலுக்கு மேலே வெட்டி எடுத்தார்கள்.

அவன் வீடு திரும்புகிற நாளுக்கு விருந்து. கலோலைனே பழையபடி என் கடைக்கே வந்து ஒரு முழுப் பெட்டி விலா கேட்டாள். கடையில் வேறு யாரும் இல்லை. மரியாதை போனால் போகிறது என்று வாயைத் திறந்தேன்.

"அக்கா, இந்தக் கொழுப்புதான் அவன்..."

கையை உயர்த்தினாள்.

"செமிசி, நான் செவிடுன்னு நெனச்சியா? ஊரே பேசுது. எனக்குக் கேக்கக் கூடாது, அதனால கேக்கல." குரல் ஏறவே இல்லை. "அவன் வீட்டுக்கு வர்ற அன்னிக்கு நான் வெறுங்கையோட நிக்கணுமா? பெட்டியை எடு."

எடுத்தேன்.

கீரை உண்பது நன்றாகக் கூடியிருக்கிறது என்று ஆய்வை இன்னும் ஒரு வருஷம் நீட்டித்தார்கள். மெலெயானே கேள்வித்தாளைத் திருத்த எழுதிப் போட்டிருக்கிறாள், பதில் வரவில்லை. புது வருஷத்தின் முதல் கூடையை எடுக்க லிசியாதேயின் மனைவி லோசலினே வந்தாள். ரிப்பன் வேண்டுமா என்று நான் கேட்கவில்லை, அவளே எட்டி எடுத்துக் கட்டிக்கொண்டாள்.

ஆக, போன கூடை அத்தனைக்கும் பொட்டலம் வந்து சேர்ந்துவிட்டது. அக்காவும் தம்பியும் ஒருவருக்கொருவர் பாக்கி இல்லை. செலவு, இடது பாதம் ஒன்று. கையிருப்பு, வலது பாதம் ஒன்று.