குமிழி நின்ற பிறகு

தேசம்மாவுக்கு மகள் இரண்டு மாதம் முந்திப் பிறந்துவிட்டாள். சாந்தோம் குப்பத்தில் மீன்கூடையை இறக்கி வைத்த இடத்திலேயே வலி எடுத்தது. கணவன் லூர்துசாமி ரிக்‌ஷா பிடித்து மயிலாப்பூரில் ஒரு சின்னப் பிரசவ ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்து சேர்த்தான். கைக்குள் அடங்கிவிடும் குழந்தை. ஒவ்வொரு மூச்சுக்கும் அதன் நெஞ்சு உள்ளே குழிந்தது.

அது எழுபத்தேழாம் வருஷம். குழந்தை மருத்துவர் ஜஹீதா சீமையில் படித்துவிட்டு அப்போதுதான் ஊர் திரும்பியிருந்தார். வரும்போது கைப்பையில் ஒரு ஜோடி மெல்லிய ரப்பர் மூக்குக்குழாய்களைக் கொண்டுவந்திருந்தார். சிலிண்டரிலிருந்து வரும் ஆக்சிஜன் அந்தக் குழாய் வழியாகக் குழந்தையின் மூக்குக்குப் போகும். இன்னொரு முனை கண்ணாடி பாட்டிலில் தண்ணீருக்குள் முங்கியிருக்கும். எவ்வளவு ஆழம் முங்குகிறதோ அவ்வளவு அழுத்தம். பிஞ்சு நுரையீரல் சுருங்கி ஒட்டிக்கொள்ளாமல் அந்த அழுத்தம் தாங்கிப் பிடிக்கும். பாட்டிலில் பொளபொளவென்று குமிழி வந்துகொண்டே இருக்கும்.

தேசம்மா குழந்தையைப் பார்த்ததைவிடப் பாட்டிலைப் பார்த்ததுதான் அதிகம். “குமிழி வந்துகினு கீது. அப்போ எம்பொண்ணும் கீது” என்று பார்க்க வருகிறவர்களிடமெல்லாம் சொன்னாள்.

குழந்தை கொஞ்சம் தேறியதும் ஜஹீதா பாட்டில் குழாயைச் சிறுகச் சிறுக மேலே தூக்கி அழுத்தத்தைக் குறைத்தார். பிறகு மூக்கிலிருந்தும் எடுத்துப் பார்த்தார். சற்று நேரம் நன்றாகத்தான் இருந்தது. அப்புறம் நெஞ்சு மறுபடி குழிந்து, உதடு நீலம் பாரித்தது. குழாயைத் திரும்பப் பொருத்தினார்கள். நிறம் வந்தது. ஆனால் தேசம்மாவுக்குப் போன உயிர் வரவில்லை.

“இனிமே அத்த எடுக்கவே கூடாது டாக்டரம்மா. நல்லா இருப்பீங்க, வுட்டுடுங்க.”

“ரொம்ப நாள் வச்சாலும் கெடுதல் தேசம்மா. மூக்கு புண்ணாயிடும். அவ சொந்தமா மூச்சு விடப் பழக வேண்டாமா?”

லூர்துசாமி நடுவில் வந்தான். “கயித்த அவுத்தாத்தான கட்டுமரம் மெதக்குதா இல்லியான்னு தெரியும்?”

“நீ சும்மாரு. உன் மரமும் எம்பொண்ணும் ஒண்ணா?” என்று தேசம்மா எரிந்து விழுந்தாள்.

அடுத்த வாரம் தி. நகரிலிருந்து சண்முகவடிவு வந்தாள். அவள் கணவன் பொன்ராஜுக்கு உஸ்மான் ரோட்டில் ஜவுளிக்கடை. அவளுக்கும் குறைமாதம்தான், ஆண் குழந்தை. பிறந்ததிலிருந்து ஒவ்வொரு மூச்சுக்கும் முனகியது. தலைக்கு மேல் பிளாஸ்டிக் கூடு கவிழ்த்து ஆக்சிஜன் விட்டும் போதவில்லை.

“அந்த மூக்குக்குழாய் எங்க கிடைக்கும்னு சொல்லுங்க, இப்பவே ஆள அனுப்புதேன்” என்றார் பொன்ராஜ்.

“இங்க கிடைக்காதுங்க. எழுதியிருக்கேன், கப்பல்ல வரணும்.”

எல்லார் கண்ணும் ஒரே சமயத்தில் தேசம்மாவின் குழந்தை பக்கம் திரும்பியது. தேசம்மா எழுந்து தொட்டிலுக்கு முன்னால் கையை விரித்து நின்றாள்.

ஜஹீதா அவள் தோளில் கை வைத்தார். “அவளுக்கு வேணும்னா அவகிட்டதான் இருக்கும். யாருக்காகவும் நான் புடுங்க மாட்டேன். ஆனா இந்தப் புள்ள வர்றதுக்கு முன்னாடியே, இன்னிக்கி எடுத்துப் பாக்கலாம்னு தாயம்மாகிட்ட சொல்லிட்டேன். நீ பாட்டிலப் பாக்காத. அவ நெஞ்சப் பாரு.”

நர்ஸ் தாயம்மா ஆமாம் என்று தலையாட்டினாள்.

தேசம்மா குனிந்து பார்த்தாள். நெஞ்சு குழியவில்லை. அலையில்லாத கடலில் தோணி போல லேசாக ஏறி இறங்கியது. எதிர்த் தொட்டிலில் முனகல் கேட்டுக்கொண்டே இருந்தது.

“எம்பொண்ணும் மொதல்ல இப்டித்தான் மொனகிச்சு” என்றாள் மெதுவாக. பிறகு புருஷன் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். “எடுங்க டாக்டரம்மா.”

குழாயை எடுத்தார்கள். குமிழி நின்றது. குழந்தையும் மூச்சுவிட மறந்ததுபோல ஒரு கணம் சும்மா கிடந்தது. தாயம்மா அதன் உள்ளங்காலில் சுண்டினாள். அவ்வளவுதான், முகமெல்லாம் சிவக்க வீறிட்டது.

“பார்றா, மீன்காரி மக!” என்று லூர்துசாமி கத்தினான். அவன் கண்ணில் தண்ணீர் வழிந்தது.

ஜஹீதா பக்கத்திலேயே உட்கார்ந்து நெடுநேரம் கவனித்தார். இந்த முறை உதடு நீலமாகவில்லை. அதன் பிறகுதான் குழாய்களைச் சுத்தம் செய்து பையனுக்குப் பொருத்தினார்கள். மாலைக்குள் அவன் முனகல் நின்றது.

இப்போது பாட்டிலை வெறித்துப் பார்ப்பது சண்முகவடிவின் முறை. அவளுக்குப் பால் போதாது என்று தெரிந்ததும் பால் ஊறும் என்று தேசம்மா லூர்துசாமியிடம் பால்சுறா புட்டு செய்து கொண்டுவரச் சொன்னாள். பூண்டு மணம் அறையெங்கும் பரவ, இருவரும் ஒரே தூக்கிலிருந்து எடுத்துச் சாப்பிட்டார்கள்.

“குழாய எடுக்கும்போது நான் வெளிய போயிருதேன்க்கா. பாக்க மாட்டேன்” என்றாள் சண்முகவடிவு.

“இங்கதான் இருக்கணும் நீ. நான் கைய புடிச்சிக்கிறேன்.”

நல்ல நாள் பார்த்து வியாழக்கிழமை எடுக்கலாம் என்று பொன்ராஜ் கேட்டுக்கொண்டார். குழந்தை நிலைமைதான் நாள் சொல்லும் என்று ஜஹீதா சொல்லிவிட்டார்.

புதன்கிழமை பகலில் சண்முகவடிவு திடீரென்று அலறினாள். “ஐயோ, குமிழி நின்னு போச்சு!”

ஜஹீதா ஓடி வந்தார். தாயம்மா பால் கிண்ணத்தைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள். பையன் மூக்குக்குழாயைத் தானே பிடுங்கிக் கைக்குள் வைத்துக்கொண்டு நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தான். உதடு ரோஜாநிறம். நெஞ்சு ஒரே சீராக ஏறி இறங்கியது.

ஜஹீதா ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கேட்டார். இன்னொரு தடவை கேட்டார். சிரிப்பை அடக்க முடியவில்லை. “இருக்கட்டும், இப்படியே விட்டுப் பார்ப்போம்.”

“நீங்க வியாழக்கெழமன்னு பேசிக்கினு கீறீங்க, தொர முந்திக்கினாரு!” என்றாள் தேசம்மா.

மாலை வரை பார்த்தும் குழாய் தேவைப்படவில்லை. ஜஹீதா பையனைத் துணியில் சுற்றித் தாயின் கையில் முதல்முறையாகக் கொடுத்தார். தேசம்மா தன் மகளை இடது தோளில் சாய்த்துக்கொண்டு, வலது கையால் சண்முகவடிவின் முழங்கையைத் தாங்கிப் பிடித்தாள்.

“தலய கொஞ்சம் தூக்கு. ம், அப்டித்தான். இன்னா கனம் கனக்கிறான் பாரு!”