பச்சை லைட்டு எரிந்த வீடு

"மச்சான், பெரிய சார்ஜரா போட்டுடலாமா?" என்று கதிரவன் போனில் கேட்டபோது, சார்லஸ் சிதம்பரத்தில் ஒரு லாட்ஜின் இரண்டாவது மாடியில் ஏணிமேல் நின்று ஃபேன் மாட்டிக்கொண்டிருந்தான். கேட்டது சாதாரணக் கேள்வி. ஆனாலும் அவன் ஃபேனை அப்படியே தொங்கவிட்டு ஏணியிலிருந்து இறங்கினான்.

கதிரவன், சார்லஸின் அக்கா ஜான்சியின் புருஷன். வீடு கடலூரில், வேலை சிதம்பரத்தில் ஒரு கல்லூரியில். இரண்டு வருஷத்துக்கு முன்பு எலெக்ட்ரிக் கார் வாங்கினார். தினமும் போய்வந்து, ராத்திரி முழுக்க வீட்டில் சார்ஜ் போட்டால் மறுநாளுக்குத் தாராளமாகக் காணும். இப்போது ஜான்சிக்கு வடலூர்ப் பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை, வாரத்தில் நாலு நாள் நைட் டூட்டி. அவர் நாலரைக்கு வந்து காரை நிறுத்தினால் அவள் ஏழு மணிக்கு எடுத்தாக வேண்டும். காலையில் அவள் வந்து இறங்கியதும் அவர் ஏறிக்கொள்வார். சாதா பிளக்கில் செருகும் சார்ஜர் இரண்டரை மணி நேரத்தில் என்ன ஏற்றும்? போன வாரம் குள்ளஞ்சாவடி தாண்டும்போதே கார் சிவப்புக் கோடு காட்டியிருக்கிறது. மழையில், தனியாக, ஒரு பொம்பளை.

"சொவுத்துல மாட்றது மச்சான். ரெண்டு மடங்கு ஸ்பீடாம். கம்பெனி எஞ்சினியரே வந்து போர்டு, எர்த்து எல்லாம் செக் பண்ணிட்டு மாட்டிக் குடுத்துடுவாராம். நீ என்ன சொல்ற?"

அந்த வீட்டில் கரண்ட் சம்பந்தப்பட்ட எதுவும் சார்லஸைக் கேட்காமல் நடக்காது. 'எந்தம்பி பாத்துக்குவான்' என்று ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள் ஜான்சி.

"வேணாம் மாமா," என்றான் சார்லஸ். "உங்க வீட்டு ஒயரிங் பழசு. அது லோடு ஜாஸ்தி. மெயின்லேர்ந்து எல்லாத்தையும் மாத்தணும். கொஞ்ச நாள் இதையே ஓட்டுங்க. இங்க ஆருத்ரா தரிசனம் முடியட்டும், நானே வந்து பாக்கறேன்."

"நீ சொன்னா சரி மச்சான்," என்று கதிரவன் போனை வைத்தார்.

ஒயரிங் பழசு என்பது பொய் இல்லை. ஆனால் அதற்காக அவன் வேண்டாம் என்று சொல்லவில்லை. கம்பெனி ஆள் வந்தால் முதல் வேலையாக அந்த பிளக் பெட்டியைத் திறப்பான். திறந்தால் உள்ளே இருப்பது தெரிந்துவிடும்.

கார் வந்த அன்று நடந்தது அது. வீட்டில் சொந்தபந்தம் முழுக்கக் கூடியிருந்தது. பாஸ்டர் பானெட்டில் கைவைத்து ஜெபம் பண்ணினார். கதிரவனின் அம்மா செல்லாயி அதோடு திருப்திப்படாமல், பாஸ்டர் திரும்பிய நேரம் பார்த்து நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தாள். பிரியாணி தம்மில் இருந்தது. சார்லஸ் புதுச் சட்டையோடு போய்ப் பெருமையாக பிளக்கைச் செருகினான். சார்ஜரில் சிவப்பு லைட்டு எரிந்தது. எர்த் இல்லை.

எர்த் என்பது, ஏதாவது பழுதானால் கரண்ட் ஆளைத் தாக்காமல் மண்ணுக்குள் இறங்கிப்போக விட்டுவைக்கும் வழி. அந்த வீட்டில் முன்பு இருந்தது. கார் வரப்போகிறதே என்று போர்டிகோவுக்கு டைல்ஸ் ஒட்டியபோது கொத்தனார் அந்தக் கம்பியை வெட்டிக் கீழே போட்டு மூடிவிட்டார். சரிசெய்ய வேண்டுமென்றால் புது டைல்ஸை உடைத்து, குழி வெட்டி, பைப் இறக்கி, உப்பும் கரியும் கொட்ட வேண்டும். ஒருநாள் வேலை. சுற்றிலும் இருபது பேர் நிற்கிறார்கள். "என்னப்பா, செவப்பு எரியுது? ஒனக்கு இந்த வேலையெல்லாம் தெரியுமா?" என்று செல்லாயி வேறு கேட்டுவிட்டாள். ஜான்சியின் முகம் சுண்டிப்போனதை சார்லஸ் பார்த்தான்.

இந்தத் தொழிலில் அதற்கு ஒரு குறுக்கு வழி உண்டு. எல்லா ஒயர்மேனுக்கும் தெரியும், ஒருத்தரும் வெளியே சொல்ல மாட்டார்கள். நியூட்ரல் என்று ஒரு ஒயர் இருக்கிறது, வீட்டுக்குள் வந்த கரண்ட் கம்பத்துக்குத் திரும்பிப் போகிற வழி. பெட்டிக்குள் அதையும் எர்த் முனையையும் விரல் நீளத் துண்டு ஒயரால் இணைத்துவிட்டால் போதும், சார்ஜர் ஏமாந்துவிடும். சார்லஸ் இணைத்தான். பச்சை லைட்டு எரிந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். ஜான்சி எல்லோருக்கும் முன்னால் அவன் தலையைப் பிடித்து ஆட்டினாள். அவன் இலையில் அன்றைக்கு இரண்டு லெக் பீஸ் விழுந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமையே வந்து ஒழுங்காக எர்த் போட்டுவிடுவதாகத்தான் நினைத்தான். சத்தியமாக நினைத்தான். ஆனால் ஞாயிற்றுக்கிழமை வந்து டைல்ஸை உடைத்தால், அன்றைக்குச் செய்தது என்ன என்று கேட்பார்களே. அப்படியே நூறு ஞாயிற்றுக்கிழமை போய்விட்டது. அந்தத் திரும்பிப் போகும் ஒயர் கம்பத்தில் அறுந்தால், உள்ளே வந்த கரண்ட் போக்கிடம் இல்லாமல் அந்தத் துண்டு வழியாகக் காரின் உடம்புக்கு ஏறும் என்பது அவனுக்குத் தெரியும். கடலூர் உப்புக்காற்றில் கம்பத்து ஒயர் எத்தனை நாள் தாங்கும் என்பதும் தெரியும். தெரிந்துகொண்டே இருந்தான், அதுதான் அவன் செய்த அக்கிரமம்.

கதிரவன் கேட்ட பிறகு அவனுக்கு நிஜமாகவே பயம் வந்துவிட்டது. செம்புப் பட்டையும் பைப்பும் வாங்கி லாட்ஜ் மாடிப்படியின் கீழ் போட்டு வைத்தான். ஆனால் லாட்ஜ்காரர் ராஜசபேசன் விடவில்லை. "ஆருத்ரா தரிசனத்துக்கு எல்லா ரூமும் புக் ஆயிடுத்துப்பா. அதுக்குள்ள முடிச்சாகணும்," என்று தலைமேல் நின்றார். சரி, தரிசனம் முடிந்த மறுநாள் என்று சார்லஸ் நாள் குறித்துக்கொண்டான்.

தரிசனத்துக்கு நாலு நாள் முன்பு சாயங்காலம் ஆறு மணிக்கு ஜான்சியிடமிருந்து போன் வந்தது. வெளியே நல்ல மழை. 'பெரிய சார்ஜருக்குத்தான் கூப்பிடுகிறாள், மாமா சொல்லிக் கொடுத்திருப்பார்' என்று அவன் எடுக்கவில்லை. மறுபடி அடித்தது. சைலன்ட்டில் போட்டான். மூன்று பாத்ரூமில் ஹீட்டர் மாட்டி முடித்து, கை கழுவி, டீ வாங்கிக்கொண்டு உட்கார்ந்த பிறகுதான் அவள் அனுப்பியிருந்த வாய்ஸ் மெசேஜைப் போட்டான்.

"தம்பி, எங்க இருக்க? எங்க வூட்ல மட்டும் கரண்ட் பூட்ச்சிடா. எதுத்தாப்ல எல்லாம் எரியுது. மாமா இளவரசிய டியூஷன்லேர்ந்து கூட்டியார போயிருக்காரு. கார் சார்ஜ்ல நிக்குது, எடுக்கலாமா வேணாமான்னு கேக்கத்தான் கூப்டேன். எனக்கு டூட்டிக்கு டைம் ஆவுது. சரி வுடு, கரண்டே இல்லயே, நானே எடுத்துக்கறேன். சாப்ட்டியா நீ?"

டீ கிளாஸ் எங்கே விழுந்தது என்று அவன் பார்க்கவில்லை. திரும்பத் திரும்ப அடித்தான். ஆறாவது தடவை பக்கத்து வீட்டு அம்மாள் எடுத்தாள். எடுத்ததும் அழுதாள்.

நர்ஸ் வெள்ளைப் புடவையில், ஈர டைல்ஸ்மேல், செருப்பில்லாத காலோடு ஜான்சி கார்க் கதவைத் தொட்டிருக்கிறாள். கரண்ட் இல்லாத வீட்டில் கரண்ட் அடித்துச் செத்துப்போனாள் என்று தெரு முழுக்கப் பேசிக்கொண்டது. கல்லறையில் மண் போடும்போது சார்லஸால் நிமிர முடியவில்லை. அக்கா மகள் இளவரசி அவன் இடுப்பைக் கட்டிக்கொண்டுதான் அழுதாள். அப்பாவே நிலைகுலைந்து கிடக்கும்போது ஆறு வயசுப் பிள்ளை வேறு யாரைக் கட்டிக்கொள்ளும்?

மூன்றாம் நாள் மத்தியானம் கதிரவன் அவனைத் தனியாகக் கூப்பிட்டார். தாடி முளைத்து, கண் வீங்கி, ஆளே பாதியாகியிருந்தார்.

"மச்சான், நாளைக்கு இன்ஸ்பெக்ஷனுக்கு ஆள் வராங்களாம். கம்பத்துல நியூட்ரல் அறுந்துட்சின்னு லைன்மேன் சொன்னாரு. அது அறுந்தா ஃபேன் நிக்கும், லைட்டு நிக்கும். காருக்கு எப்புடிடா கரண்ட் வரும்? கார்லதான் கோளாறு. கம்பெனிக்காரன சும்மா வுடக் கூடாது." துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நீ அன்னிக்கே வேணாம்னு சொன்ன பாரு. நல்ல வேள, பெரிய சார்ஜர் போடல. போட்டிருந்தா அந்தப் பாவமும் எந்தலைல வந்திருக்கும். அவுங்க வர்றதுக்கு முன்னாடி நீ ஒருவாட்டி பெட்டியத் தொறந்து பாத்துடு. எனக்கு ஒன்ன வுட்டா யார நம்பறது?"

சார்லஸ் பையை எடுத்துக்கொண்டு போர்டிகோவுக்குப் போனான். இதற்காகத்தான் மூன்று நாளாகக் காத்திருந்தான் என்பதை ஒளிக்க என்ன இருக்கிறது? கட்டிங் பிளேயரை ஒரு தடவை அழுத்தினால் போதும், அந்தத் துண்டு சட்டைப் பைக்குள் போய்விடும். கம்பெனிக்காரன் பதில் சொல்லட்டும். அக்கா திரும்பி வரப்போவதில்லை. இளவரசிக்கு மாமனாவது மிஞ்சுவான்.

மெயின் ஏற்கனவே அணைந்திருந்தது. மழை இருட்டில் ஸ்க்ரூ கண்ணுக்குத் தெரியவில்லை. "இரு மச்சான்," என்று பின்னாலேயே வந்தார் கதிரவன். போனில் டார்ச் போட்டு, அவன் தோளுக்கு மேலாக இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

இரண்டு ஸ்க்ரூ கழன்றது. மூடி கையோடு வந்தது. உள்ளே கறுத்துப்போன முனைகளுக்கு நடுவில் அந்தத் துண்டு ஒயர், அவன் போட்ட முறுக்கோடு, அப்படியே இருந்தது.

"இது என்னா மச்சான், குட்டியா?" என்றார் கதிரவன்.

எலி கடித்தது, பழைய ஒயர், கம்பெனிக்காரன் விட்டது என்று சொல்ல அவனுக்கு ஆயிரம் இருந்தது. கேட்கிறவர் காமர்ஸ் வாத்தியார். எதைச் சொன்னாலும் நம்புவார். பிளேயர் கையில்தான் இருந்தது. ஆனால் 'சாப்ட்டியா நீ' என்ற குரல் மூன்று நாளாக அவன் காதைவிட்டுப் போகவில்லை.

"கார் வந்த அன்னிக்கி பச்ச லைட்டு எரிஞ்சிதே மாமா," என்றான் சார்லஸ். "அது இதுதான். நான் போட்டது."

கதிரவனுக்குப் புரியச் சற்று நேரம் பிடித்தது. அதுவரைக்கும் டார்ச்சை அவனுக்கு வாகாகத்தான் பிடித்துக்கொண்டிருந்தார்.