அக்காவின் பொத்தான்

கோகிலன் வீட்டுக்குள் ஒரு வீடியோ கேம் பெட்டி கட்டப்போவதாகச் சொன்னபோது, அவன் மனைவி குமுதா கேட்டது ஒன்றுதான்: "துணி காயப்போடுற இடத்த மட்டும் விட்டுருங்க, சரியா?"

பினாங்குத் தீவின் பாயான் பாருவில் மின்னணுத் தொழிற்சாலை வேலை. ஐம்பதைத் தாண்டியும் வீடு திரும்பினால் கை சும்மா இருக்காத ஆள். பலகையை அறுத்து, தேய்த்து, கறுப்புச் சாயம் பூசி, ஆள் உயரத்துக்குப் பெட்டி கட்டினான். உள்ளே ஒரு சின்னக் கணினி, கண்ணெதிரே பெரிய திரை, அதன் கீழே ஒரு கைப்பிடி, பக்கத்தில் ஒரு சிவப்புப் பொத்தான். இவ்வளவுதான் அந்த ஆட்டத்துக்கு வேண்டும்.

ஆட்டம் பழையது. லேசர் தட்டில் பதிந்த கார்ட்டூன் படம் ஓடும். பேய்க்கப்பலில் மாட்டிக்கொண்ட மாலுமி ஒருவன். சரியான நொடியில் கைப்பிடியை இழுத்தால் தாவுவான், பொத்தானை அமுக்கினால் கோடரி வீசுவான், படம் மேலே போகும். பிந்தினால் செத்தான். இப்போது அதே படம் எச்.டி. தரத்தில், கப்பல் கயிற்றின் நார்கூடத் தெரிகிற அளவுக்குத் துல்லியமாகக் கிடைக்கிறது. கோகிலனுக்குப் பெருமை பிடிபடவில்லை.

விளையாடிப் பார்த்தான். தாவ வேண்டிய இடத்திலெல்லாம் மாலுமி அழகாகத் தாவினான். கோடரி வீச வேண்டிய முதல் இடத்திலேயே செத்தான். மறுபடி விளையாடினான். மறுபடியும் அங்கேயே செத்தான்.

காரணம் அவனுக்குத் தெரியும். சின்ன வயதில் கொம்தார் கட்டடத்து வீடியோ கேம் கடையில் இந்த ஆட்டத்தை அவன் தனியாக ஆடியதே இல்லை. கையிலிருக்கும் காசுக்கு அவனுக்கும் அக்கா சுபாஷினிக்கும் சேர்த்து ஒரே ஆட்டம்தான் கிடைக்கும். சண்டை வேண்டாமென்று பங்கு பிரித்துக்கொண்டார்கள். கைப்பிடி தம்பிக்கு, பொத்தான் அக்காவுக்கு. அக்கா ஒருநாளும் தவறியதில்லை. கடைசிக் காட்சி வரைக்கும் போன மறு வாரம் கடைக்காரர் அந்தப் பெட்டியையே தூக்கிவிட்டார். மாலுமி தப்பித்தானா இல்லையா என்று இருவரும் பார்க்கவே இல்லை.

"முடிவ யூடியூப்ல பாக்கலாமே மாமா," என்றான் மகளைக் கட்டிய மருமகன். கோகிலன் முறைத்த முறைப்பில் அவன் எழுந்து காப்பி குடிக்கப் போய்விட்டான். பொத்தானையும் பழகிக்கொள்ளலாம்தான். ஆனால் அது அக்காவுடையது. அதைத் தொடவே அவனுக்கு மனம் வரவில்லை.

அந்த அக்காதான் அவனோடு பேசி ஒரு வருடம் ஆகிறது. மகள் காமினியின் கல்யாணத்துக்கு ஊரெல்லாம் தட்டும் வெற்றிலை பாக்குமாக நேரில் போய் அழைத்தவன், கடலுக்கு அக்கரையில் நிபோங் திபாலில் இருக்கும் சொந்த அக்காவுக்கு, நம்ம அக்காதானே என்று பத்திரிகையை வாட்சாப்பில் தட்டிவிட்டான். பெண்ணின் அத்தை அவள்! வந்தாள். கடைசி வரிசையில் மூன்றாம் மனுஷியாக உட்கார்ந்தாள். சாப்பிட்டாள், போய்விட்டாள். அதன் பிறகு போனையும் எடுக்கவில்லை.

"அக்காவ வந்து ஆடக் கூப்பிடுங்க. நேர்ல போங்க, தட்டோட," என்றாள் குமுதா.

"கேம் பெட்டிக்கா தட்டு? சிரிப்பாங்கலா!"

"பெட்டிக்கு இல்லங்க. அக்காவுக்கு."

சனிக்கிழமை காலை கடல் பாலத்தைத் தாண்டி அக்கா வீட்டுக்குப் போனான். வாசல் கம்பிக் கதவுக்கு உள்ளே நின்று சுபாஷினி தட்டைப் பார்த்தாள். வெற்றிலை, பாக்கு, வாழைப்பழம், மஞ்சள், குங்குமம் எல்லாம் முறையாக இருந்தன.

"யாருக்குக் கல்யாணம்?"

"யாருக்கும் இல்லக்கா. அந்தக் கப்பல் கேம் இருக்குல்ல, அதுக்கு வீட்ல பெட்டி செஞ்சிருக்கேன். நீதான் வந்து தொடங்கி வைக்கணும்."

"இதையும் வாட்சாப்புல அனுப்பிருக்கலாமே?"

வரும் வழியெல்லாம் யோசித்து வைத்திருந்த சமாதானங்களையெல்லாம் விட்டான். "தப்பு பண்ணிட்டேன்க்கா," என்றான்.

சுபாஷினி கதவைத் திறந்து தட்டை வாங்கினாள். "வெயில்ல வச்சு கொண்டாந்தியா? வெத்தல வாடிருச்சு பாரு," என்று திட்டினாள். திட்டு வாங்கியதில் அவனுக்கு அவ்வளவு சந்தோஷம்.

மறுநாள் வந்தாள். பெட்டியைச் சுற்றிப் பார்த்தாள், மூக்குக் கண்ணாடியை மாட்டினாள், "தள்ளுடா," என்று தோளால் இடித்து நின்றாள். அகலம் ஒருவருக்கானது, இப்போது இருவருமே பெருத்திருந்தார்கள். இடித்துக்கொண்டே ஆடினார்கள். அவன் தாவ வைத்தான், அவள் வெட்டினாள். ஓரிடத்திலும் விரல் பிந்தவில்லை. குமுதா அடுப்பை அணைத்துவிட்டு வந்து பின்னால் நின்றாள்.

கடைசிக் காட்சி வந்தது. பேய்க் கப்பல்தலைவன் எழுந்தான். கோகிலன் இடது பக்கம் இழுத்தான், வலது பக்கம் இழுத்தான். இனி ஒரே ஒரு வெட்டு. "இப்பக்கா!"

பொத்தான் சத்தம் கேட்கவில்லை. மாலுமி கடலில் விழுந்து மூழ்கினான்.

கோகிலன் திரும்பிப் பார்த்தான். அக்காவின் விரல் பொத்தான் மேல்தான் இருந்தது. வேண்டுமென்றே அமுக்கவில்லை. அவள் கண் கலங்கியிருந்தது, உதடு சிரித்தது.

"இன்னிக்கே முடிச்சிட்டா எப்படிலா?" என்றபடி கைப்பையை எடுத்தாள். "அடுத்த ஞாயித்துக்கிழம வர்றேன். தட்டெல்லாம் வேணாம். வாட்சாப் போதும்."