சிவப்புப் பட்டை

பெங்களூரு முகாமிலிருந்து நான் போன் செய்தபோது அம்மா முத்தையாபுரத்தில் குழாயடியில் நின்றிருந்தாள். உலகக் கோப்பை அணியில் என் பெயர் இருக்கிறது என்றேன்.

"எந்தப் பிரிவுளா?"

"பி-டூ."

"போன தடவ பி-த்ரீன்னுல்லா சொன்ன?"

"இப்பம் பி-டூம்மா."

"மூணாவதுல கெடந்தவ ரெண்டாவதுக்கு வந்துட்டா எம்மவ!" குழாயடி முழுக்கக் கேட்கும்படி சொன்னாள். யாரோ, "அப்பம் அடுத்த வருசம் பர்ஸ்ட்டுதான் செல்லத்தாயி" என்றார்கள். நான் திருத்தவில்லை.

பார்வையற்றோர் கிரிக்கெட்டில் அந்த எண்கள் தரவரிசை அல்ல. பி-த்ரீ என்றால் கண் ஓரளவு தெரியும். பி-டூ என்றால் அதைவிடக் குறைவு. பி-ஒன்னுக்கு எதுவுமே தெரியாது, பந்துக்குள் உருளும் குண்டுகளின் சத்தம்தான் எல்லாம். ஒவ்வொரு பிரிவிலிருந்தும் இத்தனை பேர் என்று அணியில் இடம் உண்டு. போன முறை பி-த்ரீயில் என்னைவிட நன்றாக ஆடுகிறவர்கள் இருந்ததால் வீட்டுக்கு அனுப்பினார்கள். இந்த முறை கண் பரிசோதனை முடிந்து டாக்டர் பி-டூ என்று எழுதிக் கொடுத்தார். அன்று மாலை பயிற்சியாளர் ஞானசௌந்தரி அக்கா என் மணிக்கட்டிலிருந்த பி-த்ரீக்கான நீலப் பட்டையைக் கழற்றிவிட்டு பி-டூவுக்கான சிவப்பை மாட்டினார்.

"பி-டூல நீதான் இசக்கி பெஸ்ட்டு" என்றார். சந்தோஷமாகச் சொல்லப் பார்த்தார், முடியவில்லை.

எனக்கு வந்தது சந்தோஷம்தான். அதை என்னால் இன்னும் ஒதுக்கிவைக்க முடியவில்லை. நேரே பார்த்தால் ஆள் முகம் அழிந்துபோகிறது, ஓரத்தில் காதும் தோளும் மட்டும் மிஞ்சுகின்றன என்பது எனக்குச் சில மாதங்களாகவே தெரியும். ஆனாலும் அக்கா பட்டையை இறுக்கியபோது, கிடைத்துவிட்டது என்றுதான் மனது துள்ளியது. எதைக் கொடுத்து என்று அது கேட்கவேயில்லை.

ஊருக்கு வந்த மறுநாளே அம்மா என்னை ஏரலுக்குக் கூட்டிப் போனாள். என் கண் தெளிந்தால் வெள்ளியில் கண்மலர் சாத்துவதாக இருக்கன்குடி அம்மனுக்கு அவள் நேர்ந்திருந்தாள். கண் தெளியாமலா எடுத்திருப்பார்கள் என்பது அவள் கணக்கு.

வெள்ளிக்கடை ஆவுடையப்பன் அண்ணாச்சி துணியை விரித்து ஜோடி ஜோடியாகத் தகட்டுக் கண்களைப் பரப்பினார்.

"இந்தியாவுக்கு ஆடப்போற புள்ள! ஒம் போட்டோவ கடையில மாட்டிருவம்லா. நீயே பாத்து எடு தாயி. புருவம் வச்சதும் இருக்கு, வைக்காததும் இருக்கு."

"புருவம் வச்சத எடுளா" என்றாள் அம்மா.

குனிந்தேன். துணியின் நடுவில் ஒரு மினுக்கம், அவ்வளவுதான். முகத்தைத் திருப்பி ஓரக்கண்ணால் தேடினேன். பிறகு விரல் தானாகப் போயிற்று. ஒவ்வொரு தகடாகத் தடவி, மேலே மேடு தட்டுப்பட்டதை எடுத்து நீட்டினேன். அம்மா அதை வாங்கவில்லை.

"எப்பத்துல இருந்து?"

"கார்த்திகையிலேருந்து."

"அப்பம் ஒன்ன எடுத்தது?"

"அதனாலதாம்மா எடுத்தாவ."

அம்மா மூச்சு விடுவது கேட்டது. "ஒண்ணாவதுன்னா?"

"ஒண்ணுமே தெரியாதும்மா."

அண்ணாச்சி எழுந்து உள்ளே போய் எதையோ தேடுவதுபோல் உருட்டினார். அம்மா தகட்டை என் கையிலிருந்து எடுத்துத் துணியில் வைத்தாள். "இருக்கட்டும் அண்ணாச்சி, பெறவு வாரோம்" என்றாள். எங்கே திட்டுவாளோ, அழுவாளோ என்று நான் காத்திருந்தேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தாள்.

தூத்துக்குடி பஸ்ஸில் ஜன்னலோரம் அவள், பக்கத்தில் நான். பஸ் ஆற்றுப்பாலத்தைத் தாண்டியது. விளையாடப் போகக்கூடாது என்று சொல்லிவிடுவாளோ என்ற பயம் அப்போதும் எனக்குப் பெரிதாக இருந்தது. அம்மாவின் துக்கத்தைவிடப் பெரிதாக.

"டிவியில காட்டுவாவளா?"

"காட்டுவாவன்னு சொன்னாவ."

"எந்தச் சட்டைன்னு சொல்லிட்டுப் போ. எல்லாவளும் ஒண்ணுபோல நிப்பியோ." சற்றுப் பொறுத்து, "நான் நல்லாப் பாக்கணும்லா" என்றாள்.

அவள் பக்கம் திரும்பினேன். முகம் இருக்கவேண்டிய இடத்தில் வெயில் அசைந்தது. அவள் தோள் குலுங்குவது மட்டும் ஓரத்தில் தெரிந்தது.