சட்டிக்கு வெளியே ஒரு குடைமிளகாய்

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை எனக்குத் தானாகத் தோன்றியதல்ல. அக்கா போனில் அழுதாள், அதனால் எழுதுகிறேன்.

முதல் தொடக்கம்: "சீனாவின் பழம்பெரும் சமையலறைகளில்..." வேண்டாம். எனக்குத் தெரிந்த ஒரே சீனச் சமையலறை அத்தானுடையது.

2

அந்த உணவகம் அத்தானின் அப்பா தொடங்கியது. இருபத்திரண்டு வருடமாக அத்தான் அடுப்பில், அக்கா காய் வெட்டும் பலகையில். காரம் வேண்டாம் என்பவருக்கான வெறும் தட்டில் அக்கா ஒரு சிவப்புக் குடைமிளகாய்த் துண்டை வைத்து நீட்டுவாள். அதைப் பார்த்தால் அத்தான் மிளகாய் விழுதைத் தொடமாட்டார்.

போன வாரம் ஒரு கண்ணாடிக்காரர் நூடுல்ஸைக் கிளறிப் பார்த்து, "குடைமிளகாய் சீனச் சமையலே இல்லையே" என்றார். அத்தானுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது.

"இனிமே அது உள்ள வரக்கூடாது. எங்கிருந்தோ வந்தது நம்ம சட்டியில எதுக்கு?"

(கண்ணாடிக்காரர் சொன்னதில் பாதி உண்மை. குடைமிளகாயின் பூர்வீகம் வேறு கண்டம். சீனாவுக்குப் பிற்பாடுதான் போய்ச் சேர்ந்தது. மிளகாயும் அப்படித்தான். மிளகாயை யாரும் வெளியே அனுப்பவில்லை.)

3

மறுநாள் அதே மனிதர் வந்து, காரம் வேண்டாம் என்றார். வைக்கத் துண்டு இல்லை. அக்கா வாயால் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. மனிதர் இரண்டு ஜக் தண்ணீர் குடித்தார்.

இந்த இடத்தில் என் பாத்திரத்தின் மேல் எனக்கே சந்தேகம். மறந்தாளா, வேண்டுமென்றே செய்தாளா? போன் போட்டுக் கேட்டேன்.

"உங்க அத்தான்கிட்ட நான் பேசினாத்தானேடா சொல்றதுக்கு? நானும் எங்கிருந்தோ வந்தவதான். நாளைக்கு என்னையும் எடுத்து வெளிய போடுவாரா?"

காய்கறிக் கதை என்றல்லவா நினைத்திருந்தேன்.

4

முடிவு ஒன்று: அத்தான் மன்னிப்புக் கேட்கிறார். (ஆளைத் தெரிந்தவர்கள் சிரிப்பார்கள்.)

முடிவு இரண்டு: அக்கா பெட்டியைத் தூக்கிக்கொண்டு என் வீட்டுக்கு வருகிறாள், அத்தான் தனியாக வெங்காயம்... இதை எழுத மனசு வரவில்லை.

அத்தான், நான் எழுதும் எதையும் முதலில் படித்து, "சுமாரா இருக்கு மச்சான்" என்பவர் நீங்கள்தான். முடிவை நீங்களே எழுதுங்கள். இந்தத் தாள்களோடு ஒரு சிவப்புக் குடைமிளகாயும் கொடுத்தனுப்பியிருக்கிறேன். புதுப்பெண்ணாக வந்த அக்கா, காரம் ஆகாது என்று சொல்ல வெட்கப்பட்டுக் கண்கலங்கி உட்கார்ந்திருந்தபோது, முதல் துண்டை அவள் தட்டில் அடையாளமாக வைத்தவர் நீங்கள். எனக்குத் தெரியாது என்று நினைத்தீர்களா? இன்று மதியம் அவளுக்குச் சாப்பாடு போடும்போது, தட்டில்